கண்ணுக்கு எதற்கு நெஞ்சு எக்ஸ்ரே? யுவியைட்டிஸ் பற்றி

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அக்கா தன் தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு 31 வயது, லேத் பட்டறையில் வேலை. ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை இடது கண் சிவந்து வலித்திருக்கிறது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டாராம், நாலைந்து நாளில் சரியாகிவிடுமாம். இந்தத் தடவை பார்வையும் மங்கியதால் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே யுவியைட்டிஸ் (கண்ணுக்குள் வரும் அழற்சி) என்று சொல்லி, ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதி, நெஞ்சு எக்ஸ்ரே, முதுகு எக்ஸ்ரே, காசநோய்க்கான கை ஊசி டெஸ்ட், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுக்கச் சொன்னார்கள். “கண்ணுக்கு எதற்கு இதெல்லாம்? ஸ்டீராய்டு போட்டால் பார்வை போய்விடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்களே, உண்மையா?” இதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. யுவியைட்டிஸ் நோயாளிகள் வரும் ஒரு கண் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாகப் பல வருடம் வேலை பார்த்த பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். தம்பிக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதை நான் சொல்கிறேன்.

கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: “நாலைந்து நாளில் சரியாகிவிடும்.” சரியாகியிருக்க வாய்ப்பு குறைவு. சிவப்பு போயிருக்கும், அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் “கண் சிவந்திருக்கு” என்று கேட்டால் பல நேரம் கொடுப்பது ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் கலந்த சொட்டு. டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. பழைய பாட்டில் ஏதாவது வீட்டில் கிடந்தால் லேபிளைப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால், இப்போது நீங்கள் பயப்படுகிற அதே ஸ்டீராய்டைத்தான் உங்கள் தம்பி ஒரு வருடமாக அரைகுறையாகப் போட்டு வந்திருக்கிறார். அந்த பாட்டிலைத் தூக்கிப் போடாமல் அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த நோய்க்கு உலகம் முழுக்க டாக்டர்கள் பின்பற்றும் ஒரு வகைப்பாடு 2005இல் வந்தது. அதில் ஒரு எளிய கணக்கு உண்டு. மருந்தை முழுதாக நிறுத்தி மூன்று மாதம் கண் அமைதியாக இருந்து, அதற்குப் பிறகு மறுபடி வந்தால்தான் அது புதிய தாக்குதல். நிறுத்திய மூன்று மாதத்துக்குள் திரும்பினால் அது நாள்பட்ட நோய், அதாவது பழையது அடங்கவே இல்லை என்று பொருள். தம்பிக்கு எந்தெந்த மாதம் வந்தது, சொட்டு மருந்து எப்போது நிறுத்தினார் என்று உட்கார்ந்து யோசித்து ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று தடவை வந்ததா, ஒரே நோய் மூன்று தடவை தலைகாட்டியதா என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். சிகிச்சை எவ்வளவு நாள் என்பதே அதைப் பொறுத்து மாறும்.

இனி நோய்க்கு வருவோம். கண்ணின் வெள்ளை ஓட்டுக்கு உள்பக்கம் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு நடு அடுக்கு இருக்கிறது, அதுதான் யுவியா. முன்னால் தெரியும் கருவிழித் திரை, அதன் பின்னால் கண்ணுக்குள் நீரைச் சுரக்கும் பகுதி, விழித்திரைக்கு அடியில் விரிந்திருக்கும் கோராய்டு, மூன்றும் சேர்ந்தது. இதில் எங்கே அழற்சி வந்தாலும் யுவியைட்டிஸ். முன்பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே கட்டுப்படும். நடுவில், பின்னால், அல்லது மொத்தக் கண்ணிலும் என்றால் கதை வேறு, சொட்டு மருந்து அவ்வளவு ஆழம் போய்ச் சேராது. தம்பிக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் எந்த வகை என்று பெரும்பாலும் குறித்திருப்பார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “யுவியைட்டிஸ்” என்று மட்டும் தெரிந்துவைத்திருப்பது பாதித் தகவல்தான்.

மெட்ராஸ் ஐ என்று நம் ஊரில் சொல்வது வெளிச்சவ்வில் வருகிற தொற்று. பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், உறுத்தும், ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கும் வீட்டில் எல்லோருக்கும் தாவும். பார்வை பெரும்பாலும் குறையாது. முன்பக்க யுவியைட்டிஸில் பீளை இருக்காது. கருவிழியைச் சுற்றி வளையம் கட்டினாற்போல் சிவக்கும், ஆழமான வலி இருக்கும், வெளிச்சத்தைப் பார்த்தாலே கண் கூசி நீர் கொட்டும், பார்வை மங்கும். யாருக்கும் ஒட்டாது. மழைக்காலத்தில் தெருவுக்கு நாலு பேர் கறுப்புக் கண்ணாடியோடு நடக்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை. ஒரு கண் மட்டும், பீளை இல்லாமல், கூச்சத்தோடு சிவந்தால் அது மெட்ராஸ் ஐ இல்லை என்று வைத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போய்விடுவது நல்லது. தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவது எல்லாம் இந்த நோயை ஒன்றும் செய்யாது. நாட்கள்தான் போகும்.

மோவாயை ஒரு மேடையில் வைக்கச் சொல்லிப் பார்த்தார்களே, அதுதான் ஸ்லிட் லாம்ப். அறையை இருட்டாக்கி, ஒரு மில்லிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் உயரம் என்று ஒளிக்கற்றையைச் சுருக்கிக் கண்ணுக்குள் சாய்வாக அனுப்புவார்கள். ஆரோக்கியமான கண்ணில் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நீர் தெளிவாக, ஒளியில் கறுப்பாகத் தெரியும். அழற்சி இருந்தால், ஓட்டு இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி பறப்பது போல வெள்ளை அணுக்கள் மிதக்கும். அதை எண்ணுவார்கள், நிஜமாகவே எண்ணுவார்கள். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் 6 முதல் 15 வரை இருந்தால் 1+, 16 முதல் 25 வரை 2+, 26 முதல் 50 வரை 3+, ஐம்பதைத் தாண்டினால் 4+. சீட்டில் ‘செல்ஸ் 2+’ என்று கிறுக்கியிருப்பது இதுதான். இன்னொன்றும் பார்ப்பார்கள்: கண் பாப்பா, அதாவது நடுவில் தெரியும் கறுப்பு வட்டம், வட்டமாக விரிகிறதா என்று. அழற்சியில் கருவிழித் திரை பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். மருந்து விட்டு விரித்தால் வட்டமாக வராமல் பூவிதழ் மாதிரி கோணல்மாணலாக வரும். அப்படி இருந்தால் இது முதல் தடவை இல்லை என்று கண்ணே சாட்சி சொல்லிவிடும்.

வீட்டுக் கண்ணாடியில் பார்த்து வெள்ளையாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவது தப்பு என்பது இதனால்தான். வெளியே வெள்ளையாக இருக்கும், உள்ளே 1+ மிதந்துகொண்டிருக்கும். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் ஸ்லிட் லாம்ப் சொல்வதை வைத்துத்தான்.

சரி, நெஞ்சு எக்ஸ்ரே. யுவியைட்டிஸ் கண்ணில் தெரிகிற நோய், ஆனால் காரணம் பல நேரம் உடம்பில் வேறெங்கோ இருக்கும். மூட்டில், நுரையீரலில், ரத்தத்தில். எல்லாருக்கும் எல்லா டெஸ்டும் தேவையில்லை. முதல் தடவை, ஒரு கண், முன்பக்கம், லேசானது என்றால் எந்த டெஸ்டும் எடுக்காமலே சிகிச்சை கொடுப்பார்கள். திரும்பத் திரும்ப வந்தால், இரண்டு கண்ணிலும் இருந்தால், பின்பக்கம் பரவியிருந்தால் தேட வேண்டும். தேடியும் கணிசமான பேருக்குக் காரணம் கிடைக்காது. அதனால் டெஸ்ட் வீண் என்று ஆகாது. காசநோயும் சிபிலிஸும் (உடலுறவில் தொற்றும் மேகநோய்) இல்லை என்று உறுதிசெய்யாமல் ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் கொடுத்தால், உள்ளே இருக்கும் கிருமி கொண்டாட்டம் போடும். விடிஆர்எல், டிபிஹெச்ஏ என்று எழுதியிருந்தால் சிபிலிஸுக்கான டெஸ்ட். தம்பியின் நடத்தையைச் சந்தேகப்பட்டு எழுதியது இல்லை, வழக்கமாக எல்லோருக்கும் எழுதுவது. வீட்டில் அதை வைத்துச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மான்டூ என்ற கை ஊசி டெஸ்டை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும். சிவப்பை அளக்க மாட்டார்கள், தடித்த வீக்கத்தைத்தான் ஸ்கேல் வைத்து அளப்பார்கள். பாசிட்டிவ் என்றால் காசநோய் என்று அர்த்தமில்லை. நம் நாட்டில் காசநோய்க் கிருமி பட்டும் நோய் வராமல் நடமாடுகிறவர்கள் ஏராளம். அதனால் மான்டூவை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை, கண்ணில் தெரியும் அறிகுறி, நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கண்ணில் காசநோய் என்று முடிவானால் ஆறு மாதமோ அதற்கு மேலோ மருந்து, அரசு மருத்துவமனைகளில் இலவசம். அந்த மருந்துகளில் எத்தாம்பியூட்டால் என்ற ஒன்று அரிதாகப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சாப்பிடும் நாட்களில் சிவப்பு, பச்சை நிறங்கள் வெளிறித் தெரிந்தால் அடுத்த மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதுகு எக்ஸ்ரே எதற்கு என்றால், இளவயது ஆண்களுக்குத் திடீரென்று ஒரு கண்ணில் வரும் முன்பக்க யுவியைட்டிஸுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று ஹெச்எல்ஏ பி27 என்ற மரபணுவோடு வரும் முதுகெலும்பு வாதம். இடுப்புக்குப் பின்னால் இருக்கும் மூட்டைப் பார்ப்பதற்குத்தான் அந்த எக்ஸ்ரே. லேத்தில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு முதுகு வலிக்கத்தானே செய்யும் என்பீர்கள். வேலையால் வரும் வலி சாயங்காலம் ஏறும், படுத்தால் குறையும். வாதத்தால் வரும் வலி தலைகீழ்: விடியற்காலையில் எழுப்பிவிடும், எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துக் கிடக்கும், நடக்க நடக்கக் குறையும். தம்பியிடம் இதைக் கேளுங்கள். கண் டாக்டரிடம் முதுகு வலியைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஹெச்எல்ஏ பி27 டெஸ்ட் வாழ்நாளில் ஒரு தடவை போதும், மரபணு மாறாது. பாசிட்டிவ் வந்தவர்கள் எல்லாம் நோயாளியும் இல்லை, அதே மரபணுவோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

ஆனால் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். பி27 வகை இந்தத் தடவை இடது, அடுத்த தடவை வலது என்று கண் மாறிவரும் பழக்கம் உள்ளது. எப்போதும் ஒரே கண்ணில் வந்தால் ஹெர்பிஸ் வைரஸையும் யோசிப்பார்கள். அதில் கண் அழுத்தம் கூடும், கருவிழித் திரையில் திட்டுத் திட்டாக நிறம் போயிருக்கும். அதற்கு வைரஸை எதிர்க்கும் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வைரஸால் கருவிழியில் புண் இருக்கும்போது வெறும் ஸ்டீராய்டு சொட்டை விட்டால் புண் பெரிதாகிவிடும். கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

வடசென்னைக்காரர்களிடம் நான் தவறாமல் கேட்கிற இன்னொரு கேள்வி: மழைத் தண்ணீரில் நடந்தீர்களா, அதற்குப் பிறகு காய்ச்சல் வந்ததா? எலிக் காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸ், எலி, மாடு, பன்றி போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகப் பரவும். காய்ச்சல் விட்டுப் பல வாரமோ சில மாதமோ கழித்துக் கண்ணில் வரும். 1993 கடைசியில் மதுரைப் பக்கம் பெருவெள்ளம் வந்து, 1994இல் அங்கே கூட்டம் கூட்டமாக யுவியைட்டிஸ் நோயாளிகள் வந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையினர் ஆராய்ந்து, காரணம் லெப்டோ என்று 1997இல் எழுதினார்கள். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கொடுங்கையூரிலும் முழங்கால் தண்ணீரில் நடக்காத வருடம் எது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் நின்ற தண்ணீரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நல்ல செய்தி, காரணம் இதுவானால் பெரும்பாலும் பார்வை நன்றாகத் திரும்பிவிடும்.

குழந்தைகள் விஷயம் உங்கள் கேள்வியில் இல்லை, ஒரு வரி மட்டும். முழங்கால் வீங்கும் சிறுவயது மூட்டுவாதத்தில் கண் சிவக்காமல், வலிக்காமலே யுவியைட்டிஸ் வந்து பார்வையைத் தின்னும். அந்தக் குழந்தைகளை வெள்ளைக் கண்ணாக இருந்தாலும் முறையாகக் கண் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இப்போது சிகிச்சை. முன்பக்க யுவியைட்டிஸுக்கு வழக்கமாகக் கொடுப்பது பிரெட்னிசோலோன் அசிடேட் 1 சதவீத சொட்டு. தீவிரமாக இருந்தால் முதலில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை, பிறகு அணுக்கள் குறையக் குறைய ஆறு தடவை, நாலு, மூன்று என்று பல வாரத்தில் இறக்குவார்கள். இந்த மருந்து பாட்டிலின் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீரைத்தான் விடுகிறீர்கள். ‘மருந்து கேட்கவே இல்லை’ என்று வந்த எத்தனையோ பேரிடம் முதலில் இதைத்தான் கேட்போம். கூடவே பாப்பாவை விரிக்கும் ஹோமட்ரோபின் அல்லது அட்ரோபின் கொடுத்திருப்பார்கள். வலியைக் குறைக்கும், ஒட்டுதலைத் தடுக்கும். அதைக் கண்ணில் விட்டால் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அந்த நாட்களில் தம்பி பைக் ஓட்டக் கூடாது, லேத்திலும் நிற்கக் கூடாது. இரண்டு மருந்துக்கும் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள்.

அக்கம்பக்கத்தார் சொல்வதில் பாதி உண்மை. ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் கண் அழுத்தத்தை ஏற்றும். கவனிக்காவிட்டால் க்ளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு கெடும் நோய் ஆகும். நீண்ட நாள் போட்டால் புரை விழும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் பார்க்கிறார்கள்; 10 முதல் 21 வரை சாதாரணம். ஏறினால் அதற்கும் சொட்டு இருக்கிறது. அவர்கள் சொல்லாத மீதிப் பாதி: யுவியைட்டிஸை அடக்காமல் விட்டாலும் இதே புரை, இதே க்ளாக்கோமா வரும், விழித்திரையின் நடுவில் நீர் கோத்துப் பார்வை போவதும் சேர்ந்துகொள்ளும். தம்பிக்குப் பார்வை மங்கியிருப்பதால் ஓசிடி ஸ்கேன் எடுத்து அந்த நீர்க்கோவை இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். பார்க்கவில்லை என்றால் கேளுங்கள்.

பின்பக்கம் பரவியிருந்தால் மாத்திரை, அல்லது கண்ணைச் சுற்றி ஊசி. பிரெட்னிசோலோன் மாத்திரையை உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் ஆரம்பித்து மெல்லக் குறைப்பார்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சாப்பிடும் நாட்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு இளைக்கும். காசிமேடு பக்கம் எல்லோரும் கேட்பது மீன், நண்டு சாப்பிடலாமா என்றுதான். தாராளமாகச் சாப்பிடலாம், யுவியைட்டிஸுக்குப் பத்தியம் கிடையாது. மாத்திரை சாப்பிடும் வரை கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்துக்கொண்டால் போதும், உப்புதான் பிரச்சினை. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள்.

சிலருக்கு ஸ்டீராய்டைக் குறைத்தால் நோய் திரும்பும். அவர்களுக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட், மைகோஃபீனோலேட் போன்ற மருந்துகள். 2019இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. இந்தியாவிலும் நடந்த ஆய்வு அது. மொத்தமாகப் பார்த்தால் விலை குறைந்த மெத்தோட்ரெக்ஸேட் குறைச்சலாக இல்லை. ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினம் சாப்பிட்டு உயிருக்கு ஆபத்தானவர்கள் உண்டு. காலண்டரில் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். குடிப்பழக்கம் இருந்தாலும், பிள்ளைப்பேறு திட்டம் இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இதிலும் அடங்காவிட்டால் அடலிமுமாப் ஊசி. 2016இல் அமெரிக்காவில் யுவியைட்டிஸுக்கு அனுமதி கிடைத்தது, இந்தியத் தயாரிப்பும் வந்துவிட்டது, ஆனாலும் செலவு அதிகம். அதற்கு முன்னாலும் காசநோய் டெஸ்ட் கட்டாயம். உங்கள் தம்பிக்கு இப்போதைக்கு இந்தக் கட்டம் வரவில்லை.

அவர் பட்டறை வேலை செய்பவர் என்பதால் ஒன்று. இரும்புத் துணுக்கு எப்போதாவது அந்தக் கண்ணில் தெறித்திருக்கிறதா? உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கும் துணுக்கு பெரிய வலி இல்லாமல் உள்ளே போய்த் தங்கிவிடும், பிறகு அழற்சியாகத் தலைகாட்டும். முதுகெலும்பு வாதம் இருக்கிறதா என்று முதுகு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ எழுதுவார்கள். கண்ணுக்குள் இரும்பு இருக்கும் நிலையில் எம்ஆர்ஐ காந்தத்துக்குள் போனால் துணுக்கு நகர்ந்து கண்ணைக் கிழிக்கும். “லேத் வேலை, கண்ணில் துணுக்கு பட்டிருக்கலாம்” என்று ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்னதாகக் கண்ணுக்கு எக்ஸ்ரேயோ சிடியோ எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

எழும்பூரை விட்டு வேறெங்காவது போகலாமா என்று தனியாகவும் கேட்டிருந்தீர்கள். 1819இல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் இந்த நோய்க்குத் தேவையான பரிசோதனைகளுக்குப் பழக்கப்பட்ட இடம். உங்களுக்கு மெட்ரோவில் சென்ட்ரல் வந்து வண்டி மாறினால் அடுத்த ஸ்டேஷன். வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதும் உங்கள் விருப்பம்தான், பழைய சீட்டு, ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாம் ஒரே ஃபைலில் கூடவே போகட்டும். மாதத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி என்று மாற்றினால் அணுக்கள் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுவதற்கு யாரிடமும் பழைய கணக்கு இருக்காது.

அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகள்: பார்வை ஒரே நாளில் இன்னும் இறங்கினால், கண் முன்னால் கறுப்புப் புள்ளிகள் திடீரென்று நிறைய மிதந்தால், வலியோடு வாந்தி வந்தால், மற்ற கண்ணும் சிவந்தால். இதில் எது நடந்தாலும் அன்றைக்கே போங்கள், மான்டூ ரிசல்ட் வரவில்லை என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.